வெறும் பாபின் ஓடும் நேரம்

பாபின்கள் பாதிக்கு மேல் பருத்துவிட்டன. இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் நூல் நூற்கிற இந்த ஃபிரேம் நிற்கும், நூல் நிறைந்த பாபின்களைப் பிடுங்கித் தள்ளுவண்டியில் போடுவார்கள், வெறும் பாபின்களைச் செருகுவார்கள், மறுபடி ஓட விடுவார்கள், மில்லில் இதற்கு டாஃப் என்று பேர், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் நடக்கிற காரியம், இந்த ஷெட்டுக்குள் இருக்கிற யாருக்கும் இது ஒரு சங்கதியே இல்லை, எனக்கு மட்டும் அப்படி இல்லை. ஏனென்றால் இதன் மோட்டாரை ஓட்டுவதற்கு நான் செய்த பெட்டி வெடித்த இரண்டு தடவையும் வெறும் பாபின் ஓடும்போதுதான் வெடித்தது. மூன்றாவது தடவையும் வெடித்தால் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, பிஸ்கட்டைத் தட்டோடு என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். கத்துகிறவர்கள் மனசு மாறுவார்கள், பிஸ்கட் கொடுத்துச் சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள். கழற்றிக்கொண்டு போனால் அதோடு முடிந்தது, வேறெந்த மில்லும் எங்களை வாசலில் கூட நிற்க விடாது, இந்தப் பல்லடம் ரோட்டில் ஒரு மில்லில் தும்மினால் அடுத்த மில்லில் ஆயுசு நூறு என்பார்கள். அந்த ஸ்க்ரூவை முறுக்கினேனா? பெட்டிக்குள்ளே கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்க்ரூ. முறுக்கினேன். முறுக்கின ஸ்க்ரூவுக்கெல்லாம் தலையில் நெயில் பாலிஷ் பொட்டு வைப்பது என் வழக்கம், பொட்டு இருந்தால் முறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம், சிவப்புப் பொட்டு பார்த்த ஞாபகம் இருக்கிறது. இந்தப் பெட்டியில் பார்த்ததா, போன பெட்டியில் பார்த்ததா? வெடித்த பெட்டிக்கும் பொட்டு வைத்துத்தான் அனுப்பினேன். சரி, அதை இப்போது நினைக்காதே கோகிலவாணி. பாபினைப் பார். இடது காது இங்கே அமைதியாக இருக்கிறது, அது ஒரு ஆச்சரியம். கணபதி ஏரியாவில் எங்கள் பட்டறையில் முதல் சர்க்யூட் போர்டு வெடித்த நாளிலிருந்து அந்தக் காதில் ஒரு கீச்சுச் சத்தம் நிற்காமல் இருக்கிறது, ராத்திரி தலையணையில் வைத்தால் கேட்கும், சாமி கும்பிடும்போது கேட்கும். இந்த ஷெட்டில் வரிசை வரிசையாக ஃபிரேம்கள் இரைகிற இரைச்சலில் அது மூழ்கிப்போகிறது. ஊரே காதைப் பொத்திக்கொள்கிற இடத்தில் எனக்கு மட்டும் நிம்மதி.

மூக்குக்குள் பஞ்சு. புருவத்தில் பஞ்சு. தொப்பி போட்டிருக்கிறேன், அதையும் தாண்டி முடிக்குள் பஞ்சு. கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து மிதந்து, ஈரக்காற்றில் கொஞ்சம் கனத்து, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொள்கிறது. பழைய பெட்டிகளுக்கு விசிறி உண்டு. மோட்டாரை வேண்டிய வேகத்துக்கு ஓட்டுவதற்காகக் கரண்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பதுதான் இந்தப் பெட்டியின் வேலை, நறுக்குகிற ஸ்விட்சுகள் சூடாகும், சூட்டை வெளியே தள்ள விசிறி வேண்டும், விசிறி காற்றை இழுக்கும்போது பஞ்சையும் சேர்த்து இழுக்கும். திறந்து பார்த்தால் உள்ளே மெத்தை தைத்து வைத்த மாதிரி இருக்கும். போன ஆடியில், வெளியே காற்று அடியோ அடி என்று அடித்துக்கொண்டிருந்த சமயம், அப்படி ஒரு மெத்தை இதே வரிசையில் பற்றிக்கொண்டது. மயிலாத்தாள்தான் கையாலேயே அடித்து அணைத்தாள். அதோ, இந்த ஃபிரேமுக்கும் எதிர் ஃபிரேமுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறாளே, அறுந்த நூலை விரலால் தொட்டு ஒட்டவைத்துவிட்டு நிற்காமல் போகிறாளே, அவள்தான். மில் பாஷையில் சைடர். இந்தச் சத்தத்தில் வாய் அசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள், இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு உதட்டாலேயே வம்பளப்பாள். இடது மணிக்கட்டில் தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கிறது. முதல் நாள் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவளே காதோரம் வந்து கத்தினாள், "என்ன கண்ணு பாக்குற? ஆடிக்கு எல்லாரும் கறி வறுத்தாங்க, நான் கைய வறுத்துட்டேன்!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது, அதுவும் நன்றாக வரவில்லை, பஞ்சு அடைத்துக்கொண்டு தும்மல் வந்தது. விசிறியே இல்லாத பெட்டி வேண்டும். நாலு பக்கமும் மூடின பெட்டி, ஒரு இழை கூட உள்ளே போகாத பெட்டி. அதற்கு ஒரே வழி, உள்ளே சூடே பிறக்கக் கூடாது. பிறந்த சூட்டைத் துரத்துவதற்கு எல்லாரிடமும் வழி இருக்கிறது. பிறக்காமல் தடுக்கத்தான் ஆள் இல்லை. அதைத்தான் இத்தனை வருஷமாக நான் கட்டிக்கொண்டு அழுகிறேன், மாரடிக்கிறேன், என்ன சொன்னாலும் சரி.

ஸ்விட்சு போடுவதில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார், கல்யாணமான புதிதில், மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. இப்போது தெரியும், அவரை வைத்தே விளக்கலாம். அவர் பேர் திருமூர்த்தி, நல்ல மனுஷன், பொறுமை மட்டும் கிடையாது. குக்கர் விசில் அடித்து நிற்கும், ஆவி அடங்கியிருக்காது, கரண்டியால் வெயிட்டை நெம்பித் தூக்குவார், புஸ் என்று பருப்புத் தண்ணீர் கூரைவரைக்கும் போகும். சாதாரண பெட்டிகளில் ஸ்விட்சு இப்படித்தான் விழுகிறது. மின்னழுத்தம் முழுசாக நிற்கும்போதே போட்டு, கரண்டும் பாய்ந்து, இரண்டும் மோதுகிற அந்தத் துளி நேரத்தில் சூடு பிறக்கிறது. துளிதான், ஆனால் நொடிக்கு ஆயிரக்கணக்கில் துளி. ஆவி அடங்கட்டும், அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கட்டும், அப்புறம் மூடியைத் தொடு. தொட்டால் மூடி தானாகக் கையோடு வரும். சத்தமும் இல்லை, சூடும் இல்லை. மென்மையாகப் போடுவது, அவ்வளவுதான், என் முப்பதுகள் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. அழுத்தம் எப்படி வடியும்? மோட்டார் இழுக்கிற கரண்டே அதை வடித்துவிடும். எவ்வளவு நேரத்தில் வடியும் என்று கணக்குப் போட்டு ஸ்விட்சுக்கு ஒரு கெடு வைத்தேன். முழுச் சுமையில் ஓட்டினேன், பெட்டி ஜில்லென்று இருந்தது. சுமையைக் கூட்டினேன், அப்போதும் ஜில். ஆட்டம் போட்டோம், பட்டறையில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். யாருக்குமே குறைந்த சுமையில் ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. மோட்டார்க்காரர்கள் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறின பழக்கம் அது, சோதனை என்றால் சுமையை ஏற்று, இன்னும் ஏற்று, அதைத் தாங்கினால் எதையும் தாங்கும். ஆனை நுழைந்த வாசலில் வால் மாட்டிக்கொண்டது. வெறும் பாபின், மெதுவான வேகம், மோட்டார் கரண்டை இழுப்பதே இல்லை, சும்மா நக்கிப் பார்க்கிறது, அழுத்தம் வடியவில்லை, என் கெடு மட்டும் முடிந்துவிட்டது, ஸ்விட்சு பாதி ஆவியில் மூடியைத் திறந்தது. திறந்துகொண்டே இருந்தது. முழுச் சுமையிலும் கரண்ட் இப்படிக் குறைகிற இடம் வந்து போகும், கண் சிமிட்டுவதற்குள் தாண்டிவிடும், சுமை குறைந்தால் அங்கேயே குடியிருக்கும். இரண்டு பெட்டி போன பிறகு, ஒரு காலையில் சமையலறையில் திருமூர்த்தி குக்கரை நெம்பி, பருப்பு என் நெற்றியில் தெறித்து, "ஆவி அடங்குச்சான்னு பாக்காம எதுக்குங்க திறக்கறீங்க?" என்று நான் கத்தி, "அஞ்சு நிமிசம் ஆச்சுல்ல, அதெல்லாம் அடங்கியிருக்கும்" என்று அவர் சொன்னார். அதேதான். நானும் அதையேதான் செய்திருக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்தேன், ஆவியைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் அன்றைக்கு அவருக்குத் திட்டு விழவில்லை, ஏன் என்று பாவம் அவருக்கு இன்னும் தெரியாது.

இப்போது கெடு கிடையாது. அழுத்தம் பூஜ்யம் என்று சேதி வந்தால்தான் ஸ்விட்சு விழும். வடிய மாட்டேன் என்று அடம் பிடித்தால் பக்கத்தில் ஒரு சின்னச் சுருள் வைத்திருக்கிறேன், அது கொஞ்சம் கரண்டைத் தன் பங்குக்கு ஊற்றி, அழுத்தத்தைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடும். பட்டறையில் சுமையே இல்லாமல் ஒரு வாரம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பட்டறையில் பஞ்சு இல்லை. பட்டறையில் ஒரே கரண்ட் லைனில் இத்தனை ஃபிரேம் ஓடவில்லை, இங்கே ஒவ்வொரு பழைய பெட்டியும் லைனுக்குள் மின் இரைச்சலைத் துப்பிக்கொண்டிருக்கிறது, அந்த இரைச்சலைப் பூஜ்யம் என்று என் பெட்டி நம்பிவிட்டால்? நம்பாது, வடிகட்டி போட்டிருக்கிறேன். வடிகட்டி அதிகமானால் சேதி தாமதமாகும், தாமதமானால் இறங்கின அழுத்தம் திரும்ப ஏறும். அதற்கும் கணக்குப் போட்டாயிற்று. கணக்கு சரி. ஸ்க்ரூ? பொட்டு. சிவப்பு. பாபின்கள் முக்கால் ஆகிவிட்டன, கீழே தடித்து மேலே கூம்பி, இந்த வரிசை முழுக்க ஒரே மாதிரி. நாச்சிமுத்து வருகிறார். எலெக்ட்ரிகல் பொறுப்பு அவருக்கு, இரண்டு தடவையும் கரியைக் கூட்டி அள்ளினவர். கண்ணில் பரிதாபம் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. என் நல்ல காதுப் பக்கம் வந்து குனிகிறார். "ஏனுங் மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" "சொல்லுங்ணா." "பழைய பெட்டிய நான் இன்னும் கழட்டலீங்க, பக்கத்துலயே கிடக்குது. டாஃப் வர்றப்ப இந்த ஸ்விட்ச அதுக்கு மாத்திப்போடலாமுங்க. வெறும் பாபினெல்லாம் அது ஓட்டிக்கட்டும். கொஞ்சம் நூல் சுத்துனதும் உங்களுதுக்கு மாத்திக்கலாம். மேனேஜர் சாய்ங்காலம் வர்றப்ப ஃபுல் லோடுல ஜம்முனு ஓடிட்டிருக்கும், யாரு கேக்கப் போறாங்க?" நல்ல மனசோடுதான் சொல்கிறார். எனக்கு ஒரு நொடி, பொய் சொல்லுவானேன், ஒரு நொடிக்கும் மேலேயே, ஆசையாக இருந்தது. மேனேஜர் தலையாட்டுவார், மறுபடி பிஸ்கட் வரும், வேறு விதமான பிஸ்கட். இன்றைக்குக் காலையில் திருமூர்த்தி வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார், "இன்னைக்கும் வெடிச்சா விட்று வாணி, உடம்பு பாரு, தூங்கி எத்தனை நாளாச்சு." அன்பாகத்தான் சொன்னார். ஆனால் விட்டால் அந்த மெத்தை மறுபடி தைக்கப்படும். ஆடி வராமலா போய்விடும்? "வேண்டாங்ணா," என்றேன், "வெறும் பாபின்ல ஓடாத பெட்டி ஓடாத பெட்டிதானுங்க." அவர் உதட்டைப் பிதுக்கினார். போய்விடுவார் என்று நினைத்தேன். போய், சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரை எடுத்துக்கொண்டு வந்து, பின்னை உருவிவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பயமாக இருக்கிறது. இருக்கட்டும், பயம் அதன் பாட்டுக்கு இருக்கட்டும், காலை மட்டும் நகர்த்தாதே. இரண்டாவது தடவை வெடித்தபோது பெட்டியின் கதவு திறந்துகொண்டு ஒரு துண்டு பறந்துபோய் எதிர் ஃபிரேமில் பட்டுத் தெறித்தது, டாஃப் செய்கிற பெண்கள் கூட்டமாக ஓடினார்கள், ஒருத்தி குனிந்து உட்கார்ந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவள் குனிந்த விதம் என் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் அந்த முதுகு. இன்றைக்கும் அவள் வந்திருக்கிறாள். தள்ளுவண்டி உருள்கிறது, வெறும் பாபின்களை அள்ளிக்கொண்டு வருகிறார்கள், மஞ்சள், எல்லாம் மஞ்சள் பாபின். நேரம் வந்துவிட்டது. மயிலாத்தாள் கையை உயர்த்திக் காட்டுகிறாள், ஃபிரேம் வேகம் குறைகிறது, சுருதி இறங்குகிறது, நிற்கிறது. பெண்கள் ஆளுக்கொரு பங்காக வரிசையில் பிரிந்து நிற்கிறார்கள். பெட்டி இருக்கிற கோடிக்கு யாரென்று பார்த்தேன், அவளேதான், குனிந்தவள். பெட்டியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், வேலை என்றால் வேலைதானே. எனக்குள் என்னவோ தீர்மானமாக அழுந்தி உட்கார்ந்தது. மயிலாத்தாளிடம் ஓடினேன். "அக்கா, அந்தக் கோடிய நான் பாக்கறேன். அந்தப் புள்ளைய நடுவுல போகச் சொல்லுங்க." மயிலாத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? பாபின் புடுங்கத் தெரியுமா கண்ணு?" "சொல்லித் தாங்க." "சொல்லித் தர இது என்ன பரதநாட்டியமா? புடுங்கு, செருகு, அவ்வளவுதான். நூல் அறுந்தா என்னையக் கூப்புடு, கூப்புட்டாலும் கேக்காது, நீயே போட்டுக்க!" அந்தப் பெண் நகர்ந்து போகும்போது என் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள், அவள் கை பஞ்சைவிட மெத்தென்று இருந்தது. பிடுங்கினேன். கனமாக, இளஞ்சூடாக, இத்தனை நேரம் சுற்றின சூடு அதில். அடுத்தது. அவர்கள் இரண்டு கையாலும் பறிக்கிறார்கள், கீரை ஆய்கிற வேகம், நான் ஒரு கையால் ஒன்றொன்றாக, வியர்க்கிறது. செருகு. அழுத்து. ஒன்று சாய்ந்து நிற்கிறது, திரும்ப அழுத்து. மற்றவர்கள் முடித்துவிட்டு எனக்காக இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கடைசி பாபின் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தோள் உரசுகிற தூரம். நானே வரைந்த பெட்டி, நானே மூடின கதவு, தப்பென்றால் என் தோளில்தான் முதலில் படும். அதுதான் நியாயம். கையை உயர்த்தினேன்.

ஓடுகிறது. மெல்ல, மெல்ல, மஞ்சள் பாபின்கள் அசைந்து, சுழன்று, மஞ்சள் வளையங்களாக மங்குகின்றன. மோட்டார் வேகம் எடுத்துவிட்டது, இப்போது சுமை இறங்கும், இனிமேல்தான் அந்த இடம், இப்போது நக்கிப் பார்க்கிற கரண்ட், சுருள் ஊற்ற வேண்டும், ஊற்றுகிறாயா, சேதி வரட்டும், அவசரப்படாதே, ஆவி அடங்கட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, திருப்பிக்கொண்டால் அந்தப் பெண் பார்ப்பாள். ஸ்க்ரூ. பொட்டு. இரண்டாவது தடவை இந்நேரம் ஒரு வாசனை வந்தது, அழுகின மீனும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை, இப்போது வருகிறதா, இல்லை, எண்ணெய் வாசனைதான், பஞ்சு வாசனைதான். யாரோ முதுகில் பட்டென்று அடித்தார்கள். செத்தேன் என்று நினைத்தேன். மயிலாத்தாள். முகமெல்லாம் கோபம், விரலை நீட்டுகிறாள், என் கண்ணுக்கு நேரே ஒரு நூல் அறுந்து சிலும்பிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. "பெராக்குப் பாக்கவா வந்த? போடு!" குனிந்தேன். சுழல்கிறதை விரலால் நிறுத்தி, நுனியைத் தேடி எடுத்து, வளையத்தில் கோத்து, மேலே வருகிற பஞ்சு இழையோடு தொடவைக்க வேண்டும், பார்க்கச் சுலபம். தொட்டேன், அறுந்தது. தொட்டேன், அறுந்தது. சனியனே நில்லு, மயிலாத்தாள் அவசரமே படுவதில்லை, இழை தானாக வருகிறவரை விரலைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பாள், அப்படி வை. வைத்தேன். பிடித்துக்கொண்டது! அடுத்தது. அதுவும். மூன்றாவது அடம் பிடித்தது, அதையும் விடவில்லை. நிமிர்ந்தபோது இடுப்பு விண்ணென்று வலித்தது. பாபின்களில் மஞ்சள் பாதி மறைந்து, அடியில் வெள்ளையாக நூல் ஏறியிருந்தது. நாச்சிமுத்து சிலிண்டரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கண்ணைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஏனுங் மேடம், எப்பங்க அந்த எடம் வரும்?"

"போயிருச்சுங்ணா."

"எப்பங்க?"

"நான் நூல் போட்டுட்டிருந்தப்ப."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி கையை எடுத்தார். "ஒண்ணுமே ஆகலீங்களே!"

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானுங்ணா இத்தனை வருசம் பாடுபட்டேன்."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் என்னவோ வந்தது, அதை விழுங்கவில்லை, இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது, வாய்விட்டே வரட்டும் என்று விட்டுவிட்டேன். நாச்சிமுத்து சிலிண்டரைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, போய் மேனேஜரைக் கூட்டிவரட்டுமா, இப்போது நன்றாக ஓடுகிறது, பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்.

"இப்ப வேண்டாங்ணா. அடுத்த டாஃபுக்குக் கூட்டியாங்க. வெறும் பாபின் போடறப்பவே வந்துரணும்னு சொல்லுங்க. இங்க, என் பக்கத்துல நிக்கணும்."